மக்கு என்ற முத்திரையை மறுத்த மூளை மருத்துவர்: யார் இந்த சாமுவேல் ஆர்ட்டன்?

பட்டுத் தறிக்குப் பேர்போன ஊர் ஆரணி. தறி இருக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பாவு எது, ஊடை எது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்தே பழகிவிடும். அறுந்த இழையைச் சட்டென்று கண்டுபிடிக்கிற அதே பிள்ளை, பாடப் புத்தகத்தில் ஒரு வரியை வாசிக்கத் திணறினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் விழும். வீட்டில், படிப்பு ஏறல, தறியிலயே உட்காரட்டும் என்ற பேச்சு வரும்.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருந்தால், இந்த இரண்டு முடிவுமே தப்பு. பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 40 பேர் உள்ள வகுப்பில் 2 பேருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசிக்க வராதது வேறு, அறிவு இல்லாதது வேறு என்று 100 வருஷத்துக்கு முன்பே அழுத்திச் சொன்னவர் அமெரிக்க மூளை மருத்துவர் சாமுவேல் டாரி ஆர்ட்டன். மூளையைப் பற்றி அவர் சொன்ன முக்கியமான ஒரு விஷயம் பிறகு தவறு என்று ஆனது. ஆனாலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஏன்?

மைக்ராஸ்கோப்பில் தொடங்கிய வாழ்க்கை

ஆர்ட்டன் 1879 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் பிறந்தார். படிப்புக்குக் குறைவில்லாத குடும்பம். அப்பா எட்வர்ட் ஆர்ட்டன் நிலவியல் அறிஞர். இன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

1905-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற சாமுவேல், நோயாளியின் படுக்கையை விட ஆய்வகத்தின் பக்கம்தான் முதலில் சாய்ந்தார். இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் எங்கே இருந்தது என்று தேடும் வேலை. நரம்பு நோய்க்கூறியல் என்று இதற்குப் பெயர். இன்று மறதி நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கும் அலாய்ஸ் அல்சைமரிடம் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

பக்கவாதம் வந்து வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி அந்தக் காலத்து மூளை மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிரான்ஸில் ஜூல் டெஜெரின் 1892-லேயே இதை விளக்கியிருந்தார். மூளையின் இடது பக்கத்தில் குறிப்பிட்ட இடம் சேதமானால், பேச்சு நன்றாக இருக்கும், பார்வையும் இருக்கும், எழுத்து மட்டும் புரியாது.

பிறவியிலேயே இப்படி இருக்குமா என்ற கேள்வி அடுத்து வந்தது. 1896-ல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன், வாசிப்பு மட்டும் வரவில்லை. கிளாஸ்கோ கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இன்னும் பல பிள்ளைகளைப் பதிவு செய்தார். அன்று இதற்கு வைத்த பெயர் சொல் குருடு. ஆனால் இதெல்லாம் எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வமான கோளாறு என்றுதான் நினைத்தார்கள். ஆர்ட்டன் அந்த எண்ணத்தை மாற்றினார்.

1925-ல் நடந்தது என்ன?

1919 முதல் அயோவா மாநிலத்தின் மனநல மருத்துவமனையை உருவாக்கி நடத்தும் பொறுப்பு ஆர்ட்டனிடம் வந்தது. மருத்துவமனைக்கு மக்கள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மருத்துவக் குழுவையே கிராமப்புறங்களுக்கு அனுப்பினார். அப்படி 1925-ல் கிரீன் கவுண்டி என்ற விவசாயப் பகுதிக்குக் குழு போனது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பி வையுங்கள் என்று அங்கிருந்த ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

வந்தவர்களில் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆண்டுக்கணக்கில் பள்ளிக்குப் போயும் வாசிக்கத் தெரியாது. அறிவுத்திறன் சோதனையில் அவனுக்குக் கிடைத்த எண் 71. சராசரி 100. அந்தக் காலக் கணக்குப்படி, மந்த புத்தி என்ற முத்திரைக்கு அருகில் வைக்கும் எண் அது.

ஆர்ட்டனுக்கு அந்த எண் ஒட்டவில்லை. அவனோடு பேசினால் தெளிவாகப் பேசுகிறான். எழுத்தே இல்லாத பட சோதனையில் நன்றாகச் செய்கிறான். என்ஜினைப் பற்றிக் கேட்டால், பாகங்கள் எப்படிப் பொருந்தும் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்கிறான். அப்படியானால் கோளாறு பையனிடம் மட்டுமில்லை, சோதனையிலும் இருக்கிறது. வாசிப்பையும் பள்ளிப் படிப்பையும் சார்ந்த கேள்விகளைக் கேட்டு அறிவை அளந்தால், வாசிக்க வராதவருக்கு எண் குறையத்தானே செய்யும்?

இந்தப் பையனையும் இவனைப் போன்ற பிள்ளைகளையும் வைத்து ஆர்ட்டன் அதே ஆண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியும் கிடைத்தது. அயோவாவில் பள்ளி பள்ளியாகப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அவர் வந்த முடிவு: இது அபூர்வமான நோய் இல்லை. லேசாக, நடுத்தரமாக, கடுமையாக எனப் பல அளவுகளில் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது.

அவர் சொன்ன மூளைக் கதை

இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் பி, டி எழுத்துகளைத் திருப்பிப் போடுவதை ஆர்ட்டன் கவனித்தார். சிறு சொற்களைப் பின்னிருந்து முன்னாக வாசித்தார்கள். சிலருக்குக் கண்ணாடியில் தெரிவது போன்ற தலைகீழ் எழுத்தை வாசிப்பது சுலபமாக இருந்தது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும், இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களும் இவர்களிடம் கூடுதலாக இருப்பதாக அவருக்குப் பட்டது.

இதிலிருந்து ஒரு விளக்கத்தை உருவாக்கினார். ஓர் எழுத்தைப் பார்க்கும்போது மூளையின் இரண்டு பாதிகளிலும் அதன் பதிவு விழுகிறது. இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் கண்ணாடி பிம்பமாக. வழக்கமாக ஒரு பாதி ஆதிக்கம் பெற்று மற்றொன்றை அடக்கிவிடும். அப்படி அடங்காதபோது இரண்டு பிம்பங்களும் மோதி எழுத்து குழம்புகிறது. இந்த நிலைக்குத் திருகிய குறியீடுகள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் புதுப் பெயரும் வைத்தார்.

இந்தக் கதைக்குள் ஒரு நல்ல செய்தி இருந்தது. பக்கவாத நோயாளிக்கு மூளையின் ஒரு பகுதியே சேதமாகியிருக்கும். இந்தப் பிள்ளைகளின் மூளையில் சேதம் எதுவும் இல்லை, வளர்ச்சி வேறு மாதிரி நடந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ஆர்ட்டன். சேதமில்லை என்றால் பயிற்சியால் சரிசெய்ய வழி இருக்கிறது.

பாடம் சொல்லித் தரும் முறை

அமெரிக்கப் பள்ளிகளில் அன்று முழுச் சொல்லையும் படம் போலப் பார்த்து மனப்பாடம் செய்யும் முறை பரவியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது, சிலருடைய சிக்கலை இதுவே அதிகப்படுத்துகிறது என்று ஆர்ட்டன் 1929-ல் எழுதினார். கல்வித் துறைக்குள் ஒரு மருத்துவர் வந்து பாடமுறையைக் கேள்வி கேட்டது எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்குள் அயோவாவை விட்டுக் கிளம்பியிருந்த அவர், பிறகு நியூயார்க்கில் பணியாற்றினார். அங்கே ஆனா கில்லிங்ஹம் என்ற ஆசிரியை அவரோடு சேர்ந்தார். மருத்துவரின் எண்ணங்களை வகுப்பறைப் பாடமாக மாற்றியது கில்லிங்ஹமும் அவருடைய சக ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனும்தான். ஆர்ட்டன்–கில்லிங்ஹம் முறை என்று இன்று உலகம் முழுக்க அறியப்படுவது இதுதான்.

முறை எளிமையானது. முதலில் ஒலி, பிறகு அந்த ஒலிக்கான எழுத்து, பிறகு எழுத்துகளைச் சேர்த்துச் சொல். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது. எழுத்தைக் கண்ணால் பார்க்கும்போதே வாயால் ஒலிக்க வேண்டும், காதால் கேட்க வேண்டும், விரலால் எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத்து பழகிய ஊர் இது. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்து போய் மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரப்பினார். ஆர்ட்டன் இதிலிருந்து எடுத்தார் என்பதற்கில்லை. கண்ணோடு காதும் கையும் சேரும்போது எழுத்து பதியும் என்ற அனுபவ அறிவு இரண்டு இடத்திலும் இருந்தது.

1937-ல் ஆர்ட்டன் தன் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, பேச்சுச் சிக்கல்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1948 நவம்பர் 17 அன்று, 69-வது வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மனைவி ஜூன் ஆர்ட்டனும் நண்பர்களும் அவர் பெயரில் சங்கம் தொடங்கினார்கள். சர்வதேச டிஸ்லெக்சியா சங்கமாக இன்று செயல்படுவது அதுதான்.

எங்கே தவறினார்?

வாழ்நாள் முழுக்க மூளைகளை அறுத்துப் பார்த்த ஆர்ட்டனுக்கு, டிஸ்லெக்சியா இருந்த ஒருவரின் மூளை மைக்ராஸ்கோப்புக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன பிம்பக் கதை ஊகம்தான்.

அந்த ஊகம் நிற்கவில்லை. எழுத்தைத் திருப்பிப் போடுவது, புதிதாக எழுதப் பழகும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பதுதான். 1970-களில் தொடங்கிய ஆய்வுகள், சிக்கலின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது என்று காட்டின. பேச்சைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து உணர்வது இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். பட்டு என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் தடுமாறுவார்கள். ஒலியே தனித்தனியாகப் பிரியாதபோது, அதற்குரிய எழுத்து எங்கே போய் ஒட்டும்?

மூளையை வேறு விதமாக ஊகித்தாலும், ஆர்ட்டனின் பாடமுறை ஒலியிலிருந்தே தொடங்கியது. அதனால்தான் கதை உதிர்ந்த பிறகும் முறை பிழைத்தது. அதிலும் ஒரு திருத்தம் உண்டு. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லித் தருவதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. விரலால் தடவுவது தனியாக எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

பிறகு மூளை சொன்ன சாட்சி

ஆர்ட்டன் இறந்து 20 வருஷம் கழித்து, 1968-ல், பாஸ்டன் மருத்துவர் நார்மன் கெஷ்விண்டும் வால்டர் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்தார்கள். பேச்சொலியோடு தொடர்புடைய ஒரு பகுதி 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாக இருந்தது. மூளையின் இரண்டு பாதிகளும் அமைப்பிலேயே ஒன்றுபோல இல்லை என்பது இதில் உறுதியானது.

1979-ல் கெஷ்விண்டின் மாணவர் ஆல்பர்ட் கலபுர்தாவும் தாமஸ் கெம்பரும், டிஸ்லெக்சியா இருந்து 20 வயதில் விபத்தில் இறந்த இளைஞரின் மூளையை ஆராய்ந்தார்கள். அந்தப் பேச்சொலிப் பகுதி இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இடப்பக்க மொழிப் பகுதிகளில் நரம்புச் செல்கள் இருக்க வேண்டிய அடுக்கை விட்டு இடம் மாறிக் குவிந்திருந்தன. 1985-ல் 4 மூளைகளைப் பற்றிய கட்டுரையும் வந்தது. ஆர்ட்டன் பெயரிலான சங்கம் இந்த மூளை ஆய்வுகளுக்குத் துணை நின்றது.

நரம்புச் செல்கள் தம் இடத்துக்குப் போய்ச் சேர்வது கருவில் இருக்கும்போதே நடக்கும் வேலை. தறிக்காரர் பாஷையில் சொன்னால், ஊடை ஓடத் தொடங்கும் முன்பே, பாவு சேர்க்கும் கட்டத்தில் வந்த வித்தியாசம். பிள்ளை சோம்பேறியாக இருந்ததாலோ, அம்மா சொல்லித் தராததாலோ வந்தது இல்லை.

ஆனால் ஐந்தாறு மூளைகளை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பது பிந்தைய ஆய்வுகளில் எல்லா இடத்திலும் தென்படவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைகளை எம்ஆர்ஐ மூலம் பார்க்க முடிந்த பிறகு படம் இன்னும் விரிந்தது. இடப்பக்கத்தில் மூன்று இடங்கள் முக்கியம் என்று தெரிந்தது. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் இடம், பழகிய சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காணும் இடம், பேச்சை உருவாக்கும் முன்பகுதி. முதல் இரண்டும் டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் வாசிக்கும்போது குறைவாகவே வேலை செய்கின்றன. இந்த இடங்களை இணைக்கும் நரம்பு இழைக் கற்றைகளிலும் வித்தியாசம் தெரிகிறது.

வித்தியாசம் முதலில் வந்ததா, வாசிக்காததால் வந்ததா? இரண்டும் உண்டு. குடும்பத்தில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை வாசிக்கப் பழகும் முன்பே ஸ்கேன் செய்தபோது சில வித்தியாசங்கள் அப்போதே தென்பட்டன. வேறு சில வித்தியாசங்களோ, அதே வாசிப்புத் திறன் உள்ள சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது மறைந்துவிட்டன. அவை வாசிப்புப் பழக்கம் குறைவதால் வந்தவை.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் டிமதி கெல்லரும் மார்சல் ஜஸ்டும், வாசிப்பில் பின்தங்கிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். வாசிப்பு முன்னேறியது. மூளையின் இழைக் கற்றையும் மேம்பட்டிருந்தது. பாடம் மூளையை மாற்றும். பயிற்சிக்கு வழி இருக்கிறது என்ற ஆர்ட்டனின் நம்பிக்கைக்கு இது ஒரு சான்று.

அப்படியானால் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. இந்த வித்தியாசங்கள் எல்லாம் பல பிள்ளைகளின் சராசரியில் தெரிபவை. ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து இவனுக்கு டிஸ்லெக்சியா என்று சொல்ல இன்றைக்கும் முடியாது. ஆரணியிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ ஓடி இதற்காக எம்ஆர்ஐக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, வாசிப்பு, எழுத்து, ஒலி உணர்வு, பொது அறிவுத்திறன் ஆகியவற்றைத் தேர்ந்தவர்கள் சோதித்துச் சொல்வதுதான் முறை.

தமிழில் படிக்கும் பிள்ளையிடம் இன்னொரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல மாதிரி ஒலிக்கும், அதனால் தப்பு பளிச்சென்று வெளியே தெரியும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்புள்ள மொழிகளில், இந்தப் பிள்ளைகள் ஓரளவு சரியாகவே வாசித்துவிடுவார்கள். ஆனால் ரொம்ப மெதுவாக வாசிப்பார்கள். ஐரோப்பிய ஆய்வுகள் இத்தாலிய மொழியில் இதைத்தான் கண்டன. 2001-ல் வந்த ஒரு ஆய்வில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளை வாசிக்கும்போது ஒரே மாதிரிதான் இருந்தது, வெளியே தெரிந்த அளவுதான் மொழிக்கு மொழி மாறியது. தமிழும் பெருமளவு ஒழுங்கான எழுத்துமுறைதான். எனவே மெதுவாக வாசிக்கும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கிவிடும் ஆபத்து இங்கே அதிகம். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குடும்பம் என்றால், மொழி புதுசு, போகப் போகச் சரியாகிடும் என்று விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

என்ன உதவி கிடைக்கும்?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர் போன்ற சலுகைகள் கிடைக்கும். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முதல் படி, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்பது.

அதே 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதிக்கிறது. பள்ளி நேரம் போக என்பதுதான் இதில் முக்கியம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தறி ஒரு ஆறுதலாக இருக்கலாம். அதுவே படிப்பை விட்டு வெளியேறும் கதவாகவும் ஆகிவிடலாம். தறி வேலை நன்றாக வருகிறது என்பது, படிப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. டிஸ்லெக்சியா உள்ள எல்லோருக்கும் ஏதோ தனித் திறமை இருக்கும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசிக்கக் கற்கும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

71 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த பையனிடம் என்ஜினைப் பற்றிப் பேச்சுக் கொடுத்ததுதான் ஆர்ட்டன் செய்த பெரிய காரியம். அதற்கு ஸ்கேன் கருவி தேவைப்படவில்லை. மார்க் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஒரு பெரியவர் போதும்.